பெரிய பெருமாளுக்கு ஒரு மலிவு டிக்கெட்

எங்கள் அப்பா வாழ்நாள் முழுக்கக் கோயிலில் வேலை பார்த்தவர். ஆனால் 'கோயிலை'ப் பார்த்ததில்லை. வெளியாட்களுக்கு இது விளங்காது. வைஷ்ணவக் குடும்பங்களில் கோயில் என்று மொட்டையாகச் சொன்னால் அது ஸ்ரீரங்கம்தான். மற்றதெல்லாம் ஊர்ப்பெயர் சேர்த்துச் சொல்ல வேண்டிய கோயில்கள். அங்கே படுத்திருப்பவர் பெரிய பெருமாள். அப்பா சமைத்துப் போட்டது திருவள்ளூரில் படுத்திருக்கும் பெருமாளுக்கு.

அமாவாசைக்கு அமாவாசை எங்கள் ஊர் நிரம்பி வழியும். வேண்டிக்கொண்டு குளத்தில் வெல்லம் கரைக்க எங்கெங்கிருந்தோ வருவார்கள். மடைப்பள்ளி வாசலில் பிரசாதத்துக்கு நிற்கும்போது யாராவது ஒருவர் அப்பாவிடம் பேச்சுக் கொடுப்பார். "சுவாமி ஸ்ரீரங்கம் சேவிச்சிருக்கேளா?" என்று கேட்பார். சேவிப்பது என்றால் எங்கள் வழக்கில் தரிசனம் செய்வது. "இன்னும் கூப்பிடலை" என்று சொல்லிவிட்டு அப்பா கரண்டியைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவார். நான் பாவாடை கட்டிய வயதில், அறுபதுகளில், இந்தக் கேள்வியையும் பதிலையும் எத்தனையோ அமாவாசைகளில் கேட்டிருக்கிறேன். பெருமாள் என்ன, கல்யாணப் பத்திரிகையா அடித்து அனுப்புவார் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

போகாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. காலை, உச்சி, ராத்திரி என்று மூன்று வேளைத் தளிகை. தளிகை என்றால் பெருமாளுக்குச் சமைப்பது. அந்த முறை எங்கள் வீட்டுக்கும், அப்பாவின் பெரியப்பா பிள்ளைக்கும், அதாவது எங்கள் சித்தப்பாவுக்கும் பொது. சித்தப்பா சமர்த்தர். ரயில்வேயில் வேலை வாங்கிக்கொண்டு திருவாலங்காடு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். முழு முறையும் அப்பாவின் தலையில் விழுந்தது. ஸ்ரீரங்கத்துக்கு ரயிலில் போய்வர எப்படிப் பார்த்தாலும் இரண்டு ராத்திரி வேண்டும். அப்பா ஒரு ராத்திரிகூட ஊரை விட்டு வெளியே படுத்ததில்லை.

அவருக்கும் லீவு உண்டு. பங்காளி வீட்டில் யாராவது பிறந்தால் அல்லது போனால் பத்து நாள் தீட்டு. அந்தப் பத்து நாளும் மடைப்பள்ளிப் பக்கம் போகக் கூடாது. ஆனால் அதே பத்து நாளும் வேறெந்தக் கோயிலுக்குள்ளும் கால் வைக்கக் கூடாது. கோயிலுக்குப் போகலாம் என்றால் நேரமில்லை, நேரமிருந்தால் கோயிலுக்குப் போகக் கூடாது. ஒரு மனுஷனை இதைவிட அழகாகக் கட்டிப்போட முடியாது.

எழுபதுகளில் நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலைக்கு டைப்பிஸ்டாகப் போனேன். திருவள்ளூரிலிருந்து ஒரு ரயில், பேசின் பிரிட்ஜில் இறங்கி இன்னொரு ரயில். கரித்தூள் கண்ணில் விழாத நாள் கிடையாது. தொழிற்சாலையைச் சுற்றி அப்போது கருவேலங்காடும் பொட்டலும்தான். ஒவ்வொரு ஷெட்டாக முளைத்துக்கொண்டிருந்தது. எங்கள் ஜெனரல் மேனேஜருக்குத் தரையில் கால் பாவாது. இன்றைக்குப் பெங்களூர், நாளைக்கு ஹைதராபாத் என்று பறந்துகொண்டிருப்பார். அவருடைய பயணத் திட்டங்களையெல்லாம் அடித்துக் கொடுப்பது நான். ஒருநாள் அப்படி அடித்துக்கொண்டிருந்தபோது விரல் நின்றது. காலையில் மீனம்பாக்கத்தில் ஏறி, மதியம் இன்னோர் ஊரில் வேலையை முடித்து, இருட்டுவதற்குள் வீடு திரும்புகிறார் மனுஷர். இவரால் முடிகிறதென்றால் எங்கள் அப்பாவால் ஏன் முடியாது?

மத்தியானம் சாப்பிடும்போது இதைச் சொன்னேன். என்னோடு சாப்பிடுகிறவள் பேக்கிங் பிரிவில் இருந்த ஒருத்தி. பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவக் குப்பத்துக்காரி. அவள் மீன் குழம்பும் என் தயிர் சாதமும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே பெஞ்சில் உட்காரும்.

"இன்னாமே, உனுக்கு இன்னா பைத்தியமா? ரயிலு ஓடலையா? காத்துல பறந்து போய்த்தான் சாமி கும்புடணுமா?" என்றாள்.

அப்பாவின் முறையைச் சொன்னேன். சோறு பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்படிச் சொல்லு. எங்க ஏரில பாடுன்னு ஒண்ணு கீது. இன்னிக்கு இந்த எடத்துல எங்க ஊட்டு வலைன்னா, எங்க ஊட்டு வலைதான். உடம்பு சொகமில்ல, ஊருக்குப் போறேன்னு உட்டுட்டா அவ்ளோதான், திரும்பி நம்ம பாடு வர்ற வரைக்கும் கரையில குந்திக்கினு இருக்க வேண்டியதுதான். உங்க நைனாவுக்குத் தினமும் பாடு. பாவம். நீ இட்டுக்கினு போமே!"

அவள் ஒருத்திதான் அதைப் பைத்தியக்காரத்தனம் என்று இரண்டாம் தடவை சொல்லாதவள்.

அதன் பிறகு சனிக்கிழமை மதியங்களில் நான் சென்ட்ரலில் இறங்கி மவுண்ட் ரோடுக்கு நடக்க ஆரம்பித்தேன். அங்கே டிக்கெட் விற்கும் கடைகள் இருந்தன. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் டை கட்டிய ஆட்கள். பருத்திப் புடவையும் எண்ணெய் வழியும் பின்னலுமாக நான் போய் "திருச்சிக்கு எது மலிவு?" என்று கேட்டதும், ரயில் ஆபீஸ் அந்தப் பக்கம் என்று கையைக் காட்டினார் ஒருவர். அவரிடம் நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. அடுத்த கடையில் இருந்த கிழவர் தங்கமானவர். பழைய அட்டவணைகளை எடுத்துப் போட்டு என்னோடு சேர்ந்து தேடினார். மதுரையில் இறங்கித் திரும்பினால் என்ன, பெங்களூர் வழியாகப் போனால் என்ன என்று நாங்கள் இரண்டு பேரும் பஞ்சாங்கம் பார்ப்பது போலக் குனிந்திருப்போம். கடைசியில் அகப்பட்டது ஒரு சின்ன விமானம். காற்றாடி வைத்த பழைய வண்டி. திருச்சியில் நின்று தெற்கே போய், சாயங்காலத்துக்கு முன் அதே வழியாகத் திரும்பும். ஜெட்டை விடக் கட்டணம் குறைவு. அதிலும் இளவயதுக்காரர்களுக்குச் சலுகை உண்டு என்று கிழவர் கண்டுபிடித்துச் சொன்னபோது, அந்தக் கடையிலேயே அவர் காலில் விழலாம் போலிருந்தது.

வீட்டில் சொன்னேன். அப்பா, "ஏண்டி, சின்ன வயசுக்குக் கொறைக்கறவா, என் வயசுக்கு ஒண்ணும் கொறைக்க மாட்டாளாமா?" என்றார். வர மாட்டேன் என்று சொல்லவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, எத்தனை வருஷமாக அந்த ஆசையை அடுப்புக்குள் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறார் என்று.

கணக்கு இதுதான். காலைத் தளிகையை முடித்துவிட்டு ரயில் ஏறினால் விமானத்தைப் பிடிக்கலாம். திரும்பி வந்து, குளித்து, ராத்திரித் தளிகைக்கு நின்றுவிடலாம். நடுவில் உச்சிவேளைக்கு மட்டும் சித்தப்பா திருவாலங்காட்டிலிருந்து வந்து சமைக்க வேண்டும். அவருக்கு ஓய்வு நாளாகப் பார்த்து, அமாவாசை இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து நாள் குறித்தோம். சித்தப்பாவின் மருமகள் பிள்ளையாண்டு பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். அதையும் விசாரித்தேன். அந்த நாளுக்குப் பிறகும் முழுசாக ஒரு மாசம் இருக்கிறது என்றார் சித்தப்பா. போனஸ் வந்ததும் டிக்கெட்டை வாங்கிவிட்டேன்.

அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் வாயில் புளியோதரை மணக்கிறது. அம்மா கட்டிக் கொடுத்த பொட்டலம் என் மடியில். அப்பா பஞ்சகச்சம், பளிச்சென்று திருமண், தோளில் உத்தரீயம். சட்டை போட்டால்தான் விமானத்தில் ஏற்றுவார்கள் என்று நான் போட்ட பொய்க்கு மசிந்து, யாரோ கல்யாணத்தில் கொடுத்த சட்டையைப் போட்டிருந்தார். பாதி வழியில் அதைக் கழற்றிவிடுவார் என்று அம்மா சொன்னாள். சொன்னது பலித்தது.

திருவள்ளூர் ஸ்டேஷனில் அரக்கோணத்திலிருந்து வந்த வண்டி நின்றது. நாங்கள் ஏற வேண்டிய வண்டி; சித்தப்பா இறங்க வேண்டிய வண்டியும் அதுதான். இறங்கினார். ஆனால் கிட்டே வரவில்லை. நாலு பெட்டி தள்ளித் தூணோரமாக நின்றார். அப்பா கையை உயர்த்தினார். சித்தப்பா பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் 'போ, போ, ஏறு' என்று வீசினார். துண்டுக்கு மேலே கண் இரண்டும் சிரித்தன. மனுஷர் காலையிலேயே கோமாளித்தனம் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் அப்பாவைப் பெட்டிக்குள் ஏற்றினேன். வண்டி நகரும் வரை அப்பா ஜன்னல் வழியாகத் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சென்ட்ரலுக்கு எதிரே பார்க் ஸ்டேஷன், அங்கிருந்து மின்சார ரயிலில் மீனம்பாக்கம். விமானத்தின் படி ஏறும்போது அப்பா குனிந்து முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்னால் வந்த சூட்டுக்காரர் மோதிக்கொண்டார். உள்ளே பெல்ட் கட்டச் சொன்னதும், "இது தோலாம்மா?" என்று விமானப் பணிப்பெண்ணைக் கேட்டார். "இல்ல சார், துணிதான்" என்று அவள் கட்டிவிட்டாள். ஒரு தட்டில் மிட்டாயும் பஞ்சும் கொண்டுவந்து நீட்டினாள். மிட்டாயை இடுப்பில் செருகிக்கொண்டார். பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு எதற்கு என்று என்னைக் கேட்டார். இரைச்சலுக்குக் காதில் வைத்துக்கொள்ள என்றேன்.

"இதை ஸ்டேஷன்லயே குடுத்திருக்கலாம்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பயத்தில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பயமெல்லாம் எனக்குத்தான். வண்டி காற்றில் குலுங்கிக் குலுங்கிப் போயிற்று. அப்பாவோ கோயில் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். வடக்கேயிருந்து படை வந்தபோது சந்நிதிக்குக் கல்சுவர் எழுப்பி மறைத்தது. உற்சவரைத் தூக்கிக்கொண்டு ஒரு கூட்டம் காடு மலையெல்லாம் ஓடியது. அவர் ஊர் ஊராக அலைந்து, திருப்பதியில் வருஷக்கணக்காகத் தங்கி, ஒரு தலைமுறை மாறின பிறகு திரும்பியது. பார்க்காத ஊரின் சந்து பொந்தெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. "பெருமாளே அவ்வளவு அலைஞ்சிருக்கார். நாம ஒரு பொழுது அலைஞ்சா என்ன?" என்றார்.

விமானம் தாழ்ந்தது. பக்கத்து வரிசையில் யாரோ, "அதோ பாருங்க, ஸ்ரீரங்கம்" என்றார்கள். இரண்டு ஆற்றுக்கு நடுவே தீவு, தென்னை, சதுரத்துக்குள் சதுரமாக மதில்கள். நான் அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கால்களையும் தூக்கி ஸீட்டின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, கண்ணைத் தெறங்கோ! கீழே பாருங்கோ!"

"பெருமாள் தலைக்கு மேலே போறோம்டி. கால் அவர் மேலே நீட்டறது அபசாரம். மேலேர்ந்து பார்க்கறதும் அபசாரம். சும்மா இரு."

பணிப்பெண் வந்து காலை இறக்கச் சொன்னாள். அவர் இறக்கவில்லை. இத்தனை சனிக்கிழமை அலைந்து, ஜன்னலோரமாகக் கேட்டு வாங்கிய இடம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

திருச்சியில் இறங்கிப் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தோம். தெற்கு வாசலில் அப்போது பெரிய கோபுரம் கிடையாது. யாரோ ராஜா காலத்தில் ஆரம்பித்து நின்றுபோன மொட்டைக் கல் வாசல்தான் பிரம்மாண்டமாக நின்றது. கோயிலின் வெளிச் சுற்றுகள் எல்லாம் ஊர். வீடு, கடை, மாடு, சைக்கிள். அப்பா குழந்தை மாதிரி நடந்தார். இந்த வீதியில் தேர் திரும்பும், இந்த மூலையில் இன்னார் வீடு இருந்தது என்று எனக்கு வழி சொன்னது அவர்தான். பழக்கடைக்காரனிடம் ஊர்க்காரர் போலவே பேரம் பேசினார். ஒவ்வொரு வாசலாகத் தாண்டிக்கொண்டே போய், செருப்பை விட வேண்டிய உள்கோபுரத்துக்கு வந்தோம். நான் செருப்பை விட்டேன். அப்பா நின்றுவிட்டார்.

"நீ போய்ச் சேவிச்சுட்டு வா. நான் இங்கே இருக்கேன்."

"என்னப்பா விளையாடறேள்?"

"கேக்காதே. கேக்காம போ. உனக்கு ஒண்ணும் தெரியாது, உனக்குத் தோஷமில்லை."

என்னால் கேட்காமல் இருக்க முடியுமா? நடுவீதியில் நின்று கத்தினேன். பூக்காரிகளெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா பெருமூச்சு விட்டார்.

"உன் சித்தப்பா தளிகை பண்ணத்தானே வந்தான்? தளிகைக்குக் கட்டிக்கற மடிவேஷ்டிப் பை எங்கே? வெறுங்கையோட இறங்கினான். கிட்டே வரலை. வாயைப் பொத்திண்டான். தந்தி அவன் ஸ்டேஷனுக்குத்தானே வரும்? மருமகளுக்குக் குழந்தை பொறந்துடுத்து. சிரிச்சிண்டு நின்னானே, சாவுச் சேதின்னா எவனாவது சிரிப்பானா? தீட்டுச் சேதி காதுல விழற வரைக்கும் தீட்டு இல்லைன்னு நமக்கு ஒரு வழக்கம் இருக்கே. நான் சேவிக்கட்டும்னுதான் அவன் வாயைத் தெறக்கலை. நல்ல மனசு. ஆனா காதுல விழலைன்னா என்ன, என் கண்ணுல விழுந்துடுத்தேடி. வாழ்நாள் முழுக்க அவருக்குச் சமைச்சுட்டு, அவர்கிட்டயே தெரியாத மாதிரி போய் நிக்கவா?"

"அப்போ ஏன் வண்டி ஏறினேள்? அங்கேயே சொல்லியிருக்கலாமே!"

"உன் மொகத்தைப் பார்த்தேன். சொல்ல மனசு வரலை" என்றார். பிறகு மெதுவாக, "இப்போ உன் காதுலயும் விழுந்துடுத்து. நீயும் போகக் கூடாது. கேக்காதேன்னேனே" என்றார்.

நான் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்து அழுதேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கோபுரத்தையே பார்த்தார். திடீரென்று அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறித் திரும்பினால், சிரிக்கிறார்.

"ராத்திரித் தளிகைக்குப் போகணும்னுதானே ஏரோப்ளேன் பிடிச்சே? இனிமே பத்து நாளைக்கு எனக்குத் தளிகையே கிடையாது. மாட்டு வண்டியில திரும்பினாக்கூட நேரம் மிச்சம்!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுத மூக்கோடு சிரித்தேன். ஊர் சிரித்தாலும் பரவாயில்லை என்று இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு காவேரிக் கரைக்குப் போய்க் கால் நனைத்து, புளியோதரையைச் சாப்பிட்டோம். கடைவீதியில் குழந்தைக்கு மரச்செப்பு வாங்கினார். ஆணா பெண்ணா என்று தெரியாமல் எதற்குச் செப்பு என்றேன். யாராயிருந்தாலும் சமைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றார்.

திரும்பும் விமானத்திலும் ஜன்னலோரம் அவருக்குத்தான். ஏறியதுமே சட்டையைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். வண்டி மேலே எழும்பி வடக்கே திரும்பியது. அப்பா முன்போலவே கால்களைத் தூக்கி மடித்துக்கொண்டார். கண்ணையும் மூடிக்கொண்டார். இந்தத் தடவை உலுக்க எனக்குத் தெம்பில்லை.

சற்றுக் கழித்து அவரே, "ஏண்டி, தீட்டோட உள்ளே போகக் கூடாதுன்னுதானே இருக்கு? ஆகாசத்துல தீட்டு உண்டான்னு யாரும் சொன்னதாத் தெரியலையே" என்றார்.

"அபசாரம்னேளே?"

"அபசாரம்தான். அதுக்கு அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன். அவர் கொடுப்பார். தீட்டை மறைச்சுண்டு போய் நின்னா, அதுக்கு எப்படிக் கேக்கறது?"

கண்ணைத் திறந்தார்.

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மதிலுக்குள் மதில், அதற்குள் மதில், நட்டநடுவே சந்நிதியின் பொன் விமானம். உள்ளங்கையில் வைத்த மஞ்சள் துண்டு அளவுதான் இருக்கும். வெயில் பட்டு அது மினுங்கியது. அப்பா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டார். திருமண் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. இரண்டு கையும் கூப்பியபடியே இருந்தன. கண்ணீர் தாடையில் இறங்கி மார்பில் சொட்டியது. துடைக்கவில்லை. தீவு பின்னால் நழுவி, ஆறு நழுவி, வெறும் வயல்களான பிறகும் அவர் திரும்பிப் பார்த்துக்கொண்டேயிருந்தார். காலை இறக்கச் சொல்ல வந்த பணிப்பெண் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டாள். அந்தப் பெண்ணை நான் இன்றும் மனசுக்குள் வாழ்த்துகிறேன்.

பிறந்தது பெண் குழந்தை. தாயும் சேயும் சௌக்கியம் என்று வீட்டு வாசலிலேயே சித்தப்பா வாய் நிறையச் சொன்னார். நாள் முழுக்கப் பொத்திவைத்திருந்த வாய். உச்சித் தளிகையை, எங்களுக்குத் தீட்டு வந்தால் மட்டும் வந்து நிற்கும் வேறு குடும்பத்துக்காரர் ஒருவர் செய்துவிட்டார். அப்பா பத்து நாளும் வீட்டில் நீட்டிப் படுத்துத் தூங்கினார்.

அப்பா மறுபடி ஸ்ரீரங்கம் போகவில்லை. நான் எத்தனையோ தடவை கூப்பிட்டேன். "ஆயிடுத்தே" என்றுவிட்டார். ஆனால் அமாவாசைகளில் மடைப்பள்ளி வாசலில் யாராவது, "சுவாமி ஸ்ரீரங்கம் சேவிச்சிருக்கேளா?" என்று கேட்டால், இப்போது கரண்டியைத் திருப்பிக்கொண்டு போவதில்லை. நின்று பதில் சொல்வார்.

"ஒரு தடவை. கால் கீழே படாம சேவிச்சேன்."

ஏதோ பெரிய விரதம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, வந்தவர்கள் அவருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு போவார்கள்.